சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை

“பேசுவதற்குப் போய் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறாயாமே தம்பி? என்னிடம் சொல்லியிருந்தால் சும்மாவே கேட்டிருப்பேனே” என்றார் சித்தப்பா. அவர் கஞ்சர் அல்லர், கல்நெஞ்சரும் அல்லர். அப்பா இறந்தபோது கருமாதி முடியும்வரை எங்கள் திண்ணையை விட்டு நகராதவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. தலைஞாயிறு பக்கம், கடைமடைக் கிராமம் எங்களுடையது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, பேச்சுக்கு வந்ததில்லை. மதகடியில் பேச்சு, டீக்கடையில் பேச்சு, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சு. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வீட்டுக்காரரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போய், முன்பின் தெரியாத ஒரு பெண் உளவியலாளரின் எதிரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வருகிறான் என்றால், சித்தப்பாவுக்கு அது புரியாததில் வியப்பில்லை.

அப்பா இறந்த வருடத்தைப் பற்றிக் காவிரி டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016-இல், பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்து போனது, அணை திறக்கவில்லை. செப்டம்பரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டவில்லை. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்குச் சில நாள் முன்பு அப்பா வயலில் விழுந்து இறந்தார். மாரடைப்பு. அந்தப் பருவத்தில் அப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

எனக்கு நெஞ்சு இறுக்கம் தொடங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்து. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துவது போல இருக்கும். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது வலது கை நடுங்கும். அப்பா போன வழியிலேயே நானும் போகப்போகிறேன் என்று நினைத்து இதய மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் சரியாக இருந்தன. “உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்” என்றார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெகு நாட்கள் திரிந்தேன். கடைசியில் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் என் மனைவி. மனநல மருத்துவர் தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று முதலில் சோதித்தார், குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார், கூடவே ஓர் உளவியலாளரிடமும் அனுப்பினார். மாத்திரை எழுதுபவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலம் படித்த மருத்துவர். பேசிக் குணப்படுத்தும் பயிற்சி பெற்றவர் உளவியலாளர், அவர் மாத்திரை எழுத மாட்டார். சிலருக்கு இருவருமே தேவைப்படுகிறார்கள். எனக்குத் தேவைப்பட்டார்கள்.

முதல் நாள் கேள்விகள்

உளவியலாளரோடு முதல் அமர்வில் மனத்தைத் திறந்து கொட்டிவிட்டு அழுதுவிட்டு வருவேன் என்று எதிர்பார்த்துப் போனேன். நடந்தது வேறு. அன்று பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம் எப்படி, பசி எப்படி, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் ஆர்வமில்லாமல் இருந்தீர்கள், எத்தனை நாள் சோர்வாக இருந்தீர்கள் என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண், மொத்தம் 27. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட எனக்கு, என் சோகத்துக்கும் எண் போடுகிறார்களே என்று முதலில் ஒப்பவில்லை. ஆனால் சில வாரங்களுக்கு ஒருமுறை அதே தாளை நிரப்பும்போது அதன் அருமை தெரிந்தது. மனம் நேற்றைய நாளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். தாள் இரண்டு மாதத்துக்கு முந்தைய நிலையையும் வைத்திருக்கிறது.

ரகசியம் பற்றி அவர் முதலிலேயே பேசினார். இங்கே சொல்வது வெளியே போகாது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது என்றார். விதிவிலக்குகளையும் ஒளிக்காமல் சொன்னார். என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால், நீதிமன்றம் கேட்டால் அவரால் மௌனமாக இருக்க முடியாது. இந்தப் பேச்சை எடுக்காமலே ஒருவர் தொடங்கினால் நீங்களே கேளுங்கள். எங்கள் பக்கம் இது சிறிய விஷயம் அல்ல. தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் நம் ஊர்க்காரர் ஒருவராவது எதிர்ப்படாமல் இருக்க மாட்டார். எங்கே வந்தாய் என்று கேட்பார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடு என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டார்: “சார், செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?” திடுக்கிட்டேன். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை எடுத்தால் வாயைப் பொத்துவார்கள். தோன்றியதில்லை, ஆனால் எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்ததுண்டு என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, “வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா? எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி. விவசாய வீட்டைத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாக ஆகிவிடும் என்ற பயம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அப்படி விதைப்பதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான். ஒருவர் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பெட்டிகளில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி முதலில் செய்தது, சாக்கு மூலையில் கிடந்ததை எடுத்துச் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டியதுதான்.

ஒன்றும் நடக்காத வாரங்கள்

அடுத்து வந்த வாரங்களைப் பற்றித்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான். ஏமாற்றமாக இருக்கும். மருத்துவரிடம் போனால் சீட்டு, ஜோசியரிடம் போனால் பரிகாரம், பெரியவரிடம் போனால் புத்திமதி என்று கையில் ஏதாவது ஒன்றோடு திரும்பிப் பழகியவர்கள் நாம். இங்கே வெறுங்கையோடு திரும்புகிறோம். “நான் என்ன செய்யட்டும் மேடம்?” என்று கேட்டேன். “நீங்கள் என்ன செய்ய நினைத்திருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அது தெரிந்தால் உன்னிடம் எதற்கு வருகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது மனத்துக்குள் சண்டை போட்டேன். போக வர நாள் முழுதும் போகிறது, விடுப்பு கரைகிறது, நெஞ்சு இறுக்கம் அப்படியே இருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். “இரண்டு தடவை போனேன், ஒன்றும் பலனில்லை” என்று சொல்பவர்களை இப்போது எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். திருச்சிக்கு அந்தப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு, மனநலம் குன்றியவர்களை அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. நாற்பத்தெட்டு நாள். பத்தாம் நாள் பெருமாள் கைவிட்டுவிட்டார் என்று யாரும் மூட்டை கட்டுவதில்லை. மனம் தேற நாள் ஆகும் என்பது நம் ஊருக்குத் தெரியாத செய்தி அல்ல. நாற்பத்தெட்டு நாள் என்பது வாரம் ஒருமுறை என்று பார்த்தால் ஏழு அமர்வு. கோவாவில் மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மூன்று மாத முடிவில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். குணசீலத்துக்குக் கொடுக்கும் மண்டலத்தை இதற்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

சொல்லாமல் விட்டது

நான் நிறுத்திவிடுவதாகத்தான் இருந்தேன். அந்த வாரம் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா இறந்த நாளை முழுதாகச் சொன்னேன். பள்ளிக்கு வந்த போன், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பைக் ஒன்றில் தொற்றிக்கொண்டது, வரப்பில் கிடந்த அப்பா, கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுச் சங்கக் கடன், நிருபர் ஒருவர் கேட்ட கேள்விகள். தடையில்லாமல், கோவையாகச் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்: “இதை நீங்கள் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள், இல்லையா சார்?”

“ஆமாம் மேடம்.”

“இதில் யாரிடமும் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று இல்லை.”

நான் பேசாமல் இருந்தேன். எங்கள் ஊராக இருந்தால் அந்த இடைவெளியை யாராவது நிரப்பியிருப்பார்கள். “விதி, என்ன செய்வது” என்பார்கள். “என் மாமனார் இப்படித்தான்” என்று தங்கள் கதையைத் தொடங்குவார்கள். காப்பி வரும். அவர் எதையும் நிரப்பவில்லை. அவசரப்படவும் இல்லை. சித்தப்பாவிடமும், அதிகாரிகளிடமும், துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, வாசற்படிக் கல்லைப் போல அந்தக் கதை வழவழப்பாகிவிட்டிருந்தது. அதன்மேல் நான் சறுக்கிச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அந்த மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் கால்களைப் பற்றிச் சொன்னேன். மார்கழியில் எங்கள் வயலில் கால் வைத்தால் சேறு கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். அன்று அப்பாவின் கால்களில் சேறு இல்லை. முழங்கால்வரை வெண்புழுதி. மார்கழி மாதத்தில் ஒரு விவசாயி புழுதிக் காலோடு கிடக்கிறார். அதை ஊர் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பையில் பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் இருந்தது. கைக்குட்டையை நனைத்து, ஆட்கள் வருவதற்குள் இரண்டு கால்களையும் துடைத்தேன். தண்ணீர் போதவில்லை. இடது கால் முழுதாகத் துடைபடவில்லை. இவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதுமில்லை.

“துடைக்கும்போது அப்பாவிடம் ஏதாவது சொன்னீர்களா?” என்று கேட்டார். “தண்ணீர் வந்துவிடும் அப்பா என்று சொன்னேன்” என்றேன். அதன் பிறகு என்னால் பேச முடியவில்லை. அவர் சமாதானம் சொல்லவில்லை, நேரத்தைப் பார்க்கவில்லை, இதற்கு இதுதான் அர்த்தம் என்று பாடம் நடத்தவும் இல்லை.

சித்தப்பாவுக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. நான் இதை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் உடைந்திருப்பார். இறந்தவர் அவருடைய அண்ணன். நான் அவரைத் தேற்ற வேண்டியிருந்திருக்கும். அம்மாவிடம் சொன்னால் அம்மாவைத் தேற்ற வேண்டும். தம்பியிடம் சொன்னால், தான் அன்று திருப்பூரில் இருந்ததை நான் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்வான். எங்கள் வட்டாரத்தில் கேட்பதற்கு ஆயிரம் காதுகள் உண்டு. ஆனால் அந்தத் துக்கத்தில் பங்கில்லாத காது ஒன்றுகூட இல்லை. நான் பணம் கொடுத்தது அந்தப் பங்கில்லாத காதுக்காக. நண்பர்களோ சொந்தங்களோ தர முடியாததை அவர் தந்தார் என்பதால் சொந்தங்கள் குறைந்தவர்கள் ஆகிவிடவில்லை. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்காவிட்டால் நான் அந்த அறைவரை உயிரோடு போயிருப்பேனா என்பதே சந்தேகம்.

உடனே நிம்மதி வந்துவிடவில்லை. வடுவூர் ஏரியைப் பஸ் தாண்டும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தேன். இரண்டு இரவு தூக்கம் இல்லை. முன்பைவிட மோசமாகிவிட்டேன் என்று மனைவி பயந்தாள். ஆழத்தில் கிடந்தது கலங்கும்போது சில நாள் இப்படி இருக்கும், தாங்க முடியாவிட்டால் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். தொடங்கப் போகிறவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள். அமர்வு முடிந்த கையோடு கல்யாணத்துக்கோ பள்ளிக்கோ ஓடும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பிறகான வேலை சுவாரசியம் குறைந்தது. ஆனால் குணமாக்கியதில் பாதி அதுதான். ஒரு நோட்டில் நெஞ்சு இறுகும்போதெல்லாம் நேரம், அப்போது செய்துகொண்டிருந்தது, மனத்தில் ஓடியது ஆகிய மூன்றையும் எழுதச் சொன்னார். எழுதி வந்ததில், காலையில் செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்த பிறகுதான் பெரும்பாலான நாட்களில் இறுக்கம் வந்திருந்தது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் மனப்பாடம். நான் அந்த எண்ணைப் பார்க்காமல் ஒருநாளும் இருந்ததில்லை, வயல் பக்கம் மட்டும் போவதே இல்லை. அந்த வயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் பழக்கினார். முதலில் சாலையில் நின்று பார்ப்பது, பிறகு மதகுவரை, பிறகு வரப்பில் சிறிது நேரம் உட்காருவது. மிகவும் மெதுவாக. இப்போது நாற்று விடும் நாளில் வயலில் நிற்கிறேன். மூன்று மணி விழிப்பு எப்போதாவது வருகிறது, வந்தால் என்னவென்று தெரிகிறது. அம்மாவிடம் கால்களைப் பற்றிச் சொல்லிவிட்டேனா என்று கேட்டால், இல்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று அவரும் ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

எல்லோருக்கும் முதலில் போகிறவரே பொருந்திவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. சாதியையோ, கல்யாணத்தையோ, கடவுள் நம்பிக்கையையோ வைத்து உங்களை எடைபோடுகிறார் என்று பட்டால் வேறு ஒருவரைத் தேடுங்கள். ஆனால் வெறுமனே பலனில்லை என்று தோன்றினால், அதைப் பஸ்ஸில் உட்கார்ந்து நினைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். “இது எனக்கு உதவுவதாகத் தெரியவில்லை” என்று சொல்வதும் அந்த அறையில் பேசவேண்டிய பேச்சுதான். நல்ல உளவியலாளர் அதற்குக் கோபப்பட மாட்டார். வழியை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார். போகவே முடியாத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலிமானஸ் என்ற அரசு சேவை அது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள்.

இருந்தாலும் எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. நான் அரசுச் சம்பளக்காரன். மாதம் நான்கு முறை தஞ்சாவூர் போய்வர என்னால் முடிந்தது. அப்பா போன அதே பருவத்தில் கணவனைப் பறிகொடுத்து, நூறு நாள் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த அறைக்குப் போவார்கள்? 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் சிக்கலின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்வரை இருந்தது. அந்தப் பெண்களின் முகங்கள்தான் எனக்கு அந்த எண்ணில் தெரிகின்றன. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்தில், முகாம்களில் இருந்தவர்களோடு உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்க உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அன்று முடிந்தது இன்றும் முடியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், எல்லோர் பெயரும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பையில் ஒன்பது கேள்விகள் கொண்ட அந்தத் தாளும் இருக்கட்டும். நிரப்பிய தாளில் எண் அதிகமாக இருந்தால், பக்கத்து ஊரிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்காக உட்காரட்டும். இதை எங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கும் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது.